எக்செல்லில் மாறியது, வரைபடத்தில் மாறியதா? ஆட்டோகேட் அட்டவணையை இணைப்பது எப்படி

திருக்கடையூர் கோயிலைச் சுற்றி ஒரு நடை போனால் லாட்ஜுகளும் கல்யாண மண்டபங்களும்தான் கண்ணில் படும். அமிர்தகடேஸ்வரர் - அபிராமி சன்னதியில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்ய வருகிறவர்கள் தனியாக வருவதில்லை. மகன், மகள், சம்பந்தி, பேரன், பேத்தி என்று ஒரு பட்டாளமே வரும். அவர்கள் தங்க அறை வேண்டும். ஆகவே இங்கே எழும் கட்டடம் பெரும்பாலும் ஒரே மாதிரி அறைகள் வரிசையாக இருக்கும் கட்டடம்தான்.

இப்படிப்பட்ட கட்டடத்தை வரைபவரைக் கேட்டுப் பாருங்கள். கோடு போடுவது சுலபம், அட்டவணைதான் உயிரை வாங்கும் என்பார். கதவு இத்தனை, ஜன்னல் இத்தனை, எந்த அளவு, எந்த மரம் என்று ஒரு அட்டவணை. தூணுக்கும் பீமுக்கும் எந்தக் கம்பி, எத்தனை, எவ்வளவு நீளம் என்று இன்னொன்று. இதைத்தான் பார் பெண்டிங் ஷெட்யூல், சுருக்கமாக பிபிஎஸ் என்கிறார்கள். கணக்கு எக்செல்லில் நடக்கும். படம் ஆட்டோகேடில் இருக்கும். ஒரே எண் இரண்டு இடத்தில் குடியிருக்கும். வம்பு தொடங்குவது அங்கேதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 தூண்கள், தூணுக்கு 8 கம்பி, ஒவ்வொன்றும் 3.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். சைட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான சூத்திரம் இது. 16 மி.மீ. கம்பி என்றால் மொத்தம் சுமார் 1,820 கிலோ, 20 மி.மீ. என்றால் சுமார் 2,844 கிலோ. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் 16-ஐ 20 ஆக்கி எக்செல்லைத் திருத்திவிட்டார், வரைபடத்தில் ஒட்டிய அட்டவணை மட்டும் பழைய 16-லேயே நிற்கிறது என்றால், தூண்களுக்குள் ஒரு டன் இரும்பு குறைந்துவிடும். கம்பி கட்டுகிறவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. கையில் இருக்கும் தாளில் உள்ளதைத்தானே அவர் வெட்டுவார்?

ஒட்டுவதும் இணைப்பதும் வேறு வேறு

‘காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணிட்டா போச்சு, இதுல என்ன இருக்கு?’ என்று கேட்பீர்கள். பல வருஷமாக நடந்தது அதுதான். ஆட்டோகேட் 1982-ல் வந்தது, எக்செல் 1985-ல் வந்தது. வயதில் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இரண்டும் நெடுங்காலம் தனிக்குடித்தனம்தான். ஆட்டோகேடில் அட்டவணை என்று தனியாக ஒரு பொருள் வந்ததே 2005 பதிப்பில்தான். அதற்கு முன் கோடு கோடாகப் போட்டு நடுவில் எழுத்தை வைத்தார்கள். இல்லையென்றால் எக்செல்லை ஒரு படம் மாதிரி அப்படியே ஒட்டினார்கள். பெரிய அட்டவணையை அப்படி ஒட்டினால் ஓரம் வெட்டுப்படும், பிரின்ட்டில் மங்கும். எக்செல் ஃபைலோடு நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ளும் ‘டேட்டா லிங்க்’ வசதி 2008 பதிப்பில் வந்தது. அது வந்து இத்தனை வருஷம் ஆகியும், எண்களைத் திரும்ப டைப் அடிக்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன என்பதுதான் ஆச்சரியம்.

செய்முறை ஒன்றும் பெரிதில்லை. முதலில் வரைபடத்தை ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்துவிடுங்கள் (ஏன் என்று கீழே வருகிறது). ‘டேபிள்’ கட்டளையைத் திறந்து, ‘ஃப்ரம் எ டேட்டா லிங்க்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, புது இணைப்புக்கு ஒரு பெயர் வையுங்கள். ‘லிங்க்1’ என்று வைக்காமல் ‘தூண் கம்பி’, ‘கதவு ஜன்னல்’ என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியும். பிறகு எக்செல் ஃபைலைக் காட்ட வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் எக்செல் இருந்தாக வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்கும். முழு ஷீட்டா, குறிப்பிட்ட கட்டங்களா, எக்செல்லில் பெயர் சூட்டிய பகுதியா? என் ஓட்டு பெயர் சூட்டிய பகுதிக்குத்தான். கட்ட எண்களைக் கொடுத்தால், நாளைக்கு நடுவில் நான்கு வரி சேர்த்ததும் கடைசி நான்கு வரி வரைபடத்துக்கு வராமல் போகலாம். பெயர் சூட்டிய பகுதி அந்த வரிகளோடு சேர்ந்து தானும் நீளும். ஆனால் புது வரியைப் பகுதிக்கு உள்ளே நுழைக்க வேண்டும். கீழே வெளியில் சேர்த்தால் அதுவும் கைவிட்டுவிடும்.

‘என் சிஸ்டத்துல வந்துச்சே!’

இணைப்பு என்பது ஒரு முகவரிதான். முழு முகவரி கொடுத்தால் ‘டி டிரைவ், இந்த ஃபோல்டர், இந்த ஃபைல்’ என்று ஆட்டோகேட் எழுதி வைத்துக்கொள்ளும். அதே ஃபைல்களைப் பென் டிரைவில் போட்டு மயிலாடுதுறையில் இருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்தால், அவர் கம்ப்யூட்டரில் டி டிரைவே இருக்காது. அட்டவணை கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் கடைசியாக வந்த எண்கள் வரைபடத்துக்குள் தங்கியிருக்கும். ஆனால் இணைப்பு அறுந்திருக்கும், புது எண் எதுவும் வராது. ஆபத்தே அதுதான். காணாமல் போயிருந்தால் கேள்வி கேட்போம், பழசாக நின்றால் யார் கேட்கிறார்கள்?

அதனால் ‘ரிலேட்டிவ் பாத்’ வைப்பது நல்லது. வரைபடம் இருக்கும் இடத்திலிருந்து எக்செல் எங்கே இருக்கிறது என்று மட்டும் அது குறித்துக்கொள்ளும். ஃபோல்டரோடு தூக்கிப் போனாலும் வழி தவறாது. வரைபடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே அங்கிருந்து வழி சொல்ல முடியும்? முதலில் சேவ் செய்யச் சொன்னது அதற்குத்தான். வெளியே அனுப்பும்போது ‘ஈடிரான்ஸ்மிட்’ கட்டளையில் கட்டினால், இணைந்த எக்செல்லையும் சேர்த்து மூட்டை கட்டலாம்.

எக்செல்லை மாற்றி சேவ் செய்ததும், ஆட்டோகேட் திரையின் வலது கீழ் மூலையில் அறிவிப்பு ஒன்று எட்டிப்பார்க்கும். பலர் அதை விளம்பரம் மாதிரி மூடிவிடுகிறார்கள். அதைச் சொடுக்கினாலோ ‘டேட்டாலிங்க்அப்டேட்’ கொடுத்தாலோதான் எண்கள் மாறும். இன்னொன்று: இணைத்த கட்டங்கள் பூட்டியிருக்கும். ‘ஒரே ஒரு எண்தானே’ என்று பூட்டைத் திறந்து கையால் திருத்தினால், அடுத்த அப்டேட்டில் அது போய்விடும். வரைபடத்திலிருந்து எக்செல்லுக்கு எழுதி அனுப்பவும் வழி உண்டு. நாலு பேர் தொடுகிற ஃபைலில் அதை அணைத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். கணக்குப் போட்டவருக்குத் தெரியாமல் கணக்கு மாறக் கூடாது.

2.3, 2.3, 2.3

எண் சரியாக வந்தாலும் அதன் உருவம் கெட்டால் என்ன ஆகும்? இதற்கு லாட்ஜை விட்டு வாய்க்காலுக்குப் போக வேண்டும். திருக்கடையூர் காவிரியின் கடைமடைப் பகுதி. காவிரி கடலில் சேரும் பூம்புகார் சற்று வடக்கே, தரங்கம்பாடி தெற்கே. நிலம் தட்டையாகக் கிடக்கும். வாய்க்கால் வரைபடத்தில் ஒவ்வொரு தூரத்துக்கும் படுகை மட்டம் என்ன என்று ஒரு அட்டவணை இருக்கும். 5,000 மீட்டருக்கு 1 மீட்டர் வாட்டம் என்று எடுத்துக்கொண்டால், 30 மீட்டருக்கு வெறும் 6 மில்லிமீட்டர்தான் இறக்கம். எக்செல்லில் 2.346, 2.340, 2.334 என்று இருக்கும். அட்டவணையில் ஒரு தசம இடம் என்று வடிவம் விழுந்தால் மூன்றுமே 2.3. தாளைப் பார்க்கிறவருக்கு வாய்க்காலில் வாட்டமே இல்லை! வடிவம் எதுவும் குறிக்காமல் விட்டாலோ 2.340 என்பது 2.34 என்று சுருங்கி, பக்கத்து எண்களோடு ஒட்டாமல் நிற்கும்.

தூரத்தைக் குறிக்கும் செயினேஜிலும் இதே தலைவலி. 1230 மீட்டரை 1+230 என்று எழுதுவது வழக்கம். எக்செல்லில் 0+000 என்று வடிவம் கொடுத்தால் அது அழகாக வரும். ஆனால் நாமாக அமைத்த இப்படிப்பட்ட வடிவங்கள் ஆட்டோகேடுக்குள் சில சமயம் வெறும் 1230 ஆகிவிடும்.

இதற்கான சாவி டேட்டா லிங்க் பெட்டியின் ஓரத்தில் மறைந்திருக்கிறது. வலது கீழே உள்ள அம்புக்குறியை அழுத்தினால் கூடுதல் அமைப்புகள் விரியும். எண்ணின் வடிவத்தையும் சூத்திரத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளவா, வடிவத்தை வைத்து விடையை மட்டும் எக்செல்லிலிருந்து வாங்கவா, எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றிவிடவா என்று மூன்று வழி இருக்கும். செயினேஜ், மட்டம் மாதிரியான அட்டவணைக்கு மூன்றாவதுதான் நிம்மதி. எக்செல்லில் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே வரும்.

அதே இடத்தில்தான் எக்செல்லின் அலங்காரத்தையும் கொண்டுவருவதா என்ற கேள்வி இருக்கிறது. வண்ணம், எழுத்துரு, கோட்டுத் தடிமன் எல்லாம் இதில் அடங்கும். எப்போதும் எக்செல்லைப் பார்த்தே நடக்கட்டும் என்றால், யாரோ எக்செல்லில் மஞ்சள் பூசியது வரைபடத்துக்கும் வந்துவிடும். முதல் தடவை மட்டும் வாங்கு என்றால் பிறகு நீங்கள் செய்த அலங்காரம் தங்கும். அந்த டிக்கையே எடுத்துவிட்டு, அலுவலகத்துக்கென்று ஒரு டேபிள் ஸ்டைல் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. எண் எக்செல்லிலிருந்து வரட்டும், உடுப்பு வரைபடத்துடையதாக இருக்கட்டும்.

வரிசையின் உயரம் குறைய மாட்டேன் என்று அடம்பிடித்தால் கட்டத்தின் மார்ஜினைக் குறையுங்கள், வழிக்கு வரும். அட்டவணையை மாடல் பக்கத்தில் வைக்காமல் லேஅவுட் தாளில் வைத்தால் எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுக்காது. தாளைத் தாண்டி நீளும் அட்டவணையை, அதன் பிராப்பர்ட்டீஸில் உள்ள ‘டேபிள் பிரேக்ஸ்’ இரண்டு மூன்று பத்தியாக உடைத்துக் கொடுக்கும்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டோகேடின் பழைய கோட்டு எழுத்துருக்களில் தமிழ் கிடையாது, கேள்விக்குறிதான் வரும். லதா, நிர்மலா போன்ற யூனிகோட் எழுத்துருவை டெக்ஸ்ட் ஸ்டைலில் வையுங்கள். எக்செல்லில் பாமினியில் அடித்திருந்தால், எழுத்துரு மாறியதும் ‘கதவு’ என்பது புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே இணையுங்கள்.

தாளுக்கு லிங்க் கிடையாது

டெல்டாவில் வாய்க்கால், மதகு வேலைக்கு நேரம் குறைவு. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடப்பட்டு, ஜூன் 12-ல் திறக்கப்படும். நடுவில் கிடைக்கும் காய்ந்த மாதங்களில்தான் கான்கிரீட் போட்டாக வேண்டும். அந்த அவசரத்தில் திருத்தத்துக்கு மேல் திருத்தம் வரும். கம்ப்யூட்டரில் உள்ள அட்டவணை உடனே மாறிவிடும், மதகடியில் விரித்து வைத்த தாள் மாறாது. இணைப்பு வழியாக எண் மாறும்போது ஆட்டோகேட் தானாக மேகக் கோடு போட்டுக் காட்டாது, ரிவிஷன் எண்ணையும் ஏற்றாது. அதெல்லாம் நம் கைவேலைதான்.

அதனால் தாள் வெளியே போகும் நாளில் சில ஆபீஸ்கள் இப்படிச் செய்கின்றன. எல்லா இணைப்பையும் அப்டேட் செய்து, எக்செல்லைப் பக்கத்தில் திறந்து மேல், நடு, கீழ் என்று மூன்று வரிகளையும் மொத்தத்தையும் ஒப்பிடுகிறார்கள். மாறிய வரிக்கு மேகக் கோடும் ரிவிஷன் எண்ணும் போடுகிறார்கள். பிடிஎஃப் எடுத்ததும், அந்த நாளின் எக்செல்லுக்கும் அதே ரிவிஷன் எண்ணோடு ஒரு நகல் வைக்கிறார்கள். வரைபடத்தின் ஒரு பிரதியில் இணைப்பைக் கழற்றி, எண்களை உறைய வைக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து பில் போடும்போது, ‘அன்னைக்கு கொடுத்த தாள்ல 16-ஆ, 20-ஆ?’ என்று கேள்வி வந்தால் எடுத்துக் காட்ட அந்தப் பிரதிதான் இருக்கும்.