பாட்டிலில் ஏறிய எண்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் அருவிக்கரைப் பழக்கடைகளில் மங்குஸ்தான் குவியும். கருஞ்சிவப்புத் தோலைப் பிளந்து வெள்ளைச் சுளையைத் தின்றுவிட்டுத் தோலை எறிந்துவிட்டு வருவோம். இதே பழத்தின் சாறு 2002 முதல் அமெரிக்காவில் ‘ஸாங்கோ’ என்ற பெயரில், ஆள்சேர்ப்பு வியாபாரமாக அமோகமாக விற்றது. நோய் தீர்க்கும் என்று சொன்ன விளம்பரங்களுக்காக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2006-இல் அந்த நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

இன்று வண்ணார்பேட்டை மருந்துக்கடையிலும் ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று எழுதிய பாட்டில் கிடைக்கிறது. இப்படிப்பட்ட பானங்களை விற்பவர்கள் பெருமையாகக் காட்டுவது ‘ஓராக்’ என்ற எண்ணை. எங்கிருந்து வந்தது அது?

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தில் உருவான சோதனை இது. ஒளிரும் பொருள் ஒன்றைக் குழாயில் இட்டு, அதன் ஒளியை அழிக்கும் ஃப்ரீ ராடிக்கல்களைச் சேர்ப்பார்கள். கூடவே பழச்சாற்றையும் விட்டால் ஒளி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதே கணக்கு. அமெரிக்க வேளாண்மைத் துறை நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு இந்த எண்ணைப் பட்டியலிட்டது.

அந்தப் பட்டியலில் கிராம்புக்கு ஏறக்குறைய 2,90,000. ஆனால் அது 100 கிராமுக்கு! நம் வீட்டுக் குருமாவில் விழுவதோ இரண்டு மூன்று கிராம்பு. எதையும் உலர்த்தி நீரை எடுத்துவிட்டால் எடைக்கு எடை எண் ஏறிவிடும். பொடி டப்பாக்களில் எண் பெரிதாக இருப்பதற்கு இது போதும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் உடம்புக்குள் இருக்கிறது. ஆப்பிள் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் உயர்ந்ததைக் கண்ட ஒரிகன் ஆய்வாளர்கள், 2004-இல் காரணத்தையும் சொன்னார்கள். பழத்திலுள்ள ஃப்ரக்டோஸ் சர்க்கரையால் யூரிக் அமிலம் கூடியிருந்தது. ஆப்பிளின் புகழ்பெற்ற பாலிஃபினால்களுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. குழாயில் நடப்பது குடலிலும் கல்லீரலிலும் அப்படியே நடப்பதில்லை. 2012-இல் வேளாண்மைத் துறை பட்டியலையே விலக்கிக்கொண்டது. இந்த எண்களுக்கும் மனித ஆரோக்கியத்துக்கும் தொடர்பில்லை, நிறுவனங்கள் இவற்றைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று காரணமும் சொன்னது.

ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை விஷயம் இன்னும் கவலைக்குரியது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்று குறையவில்லை. 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதைத் தெரிந்துகொண்டும் புகைபிடிப்பவருக்கு அந்த மாத்திரையை விற்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

நெல்லிக்காய்க்கு இப்படிப்பட்ட எண்ணே தேவையில்லை. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு வேண்டிய வைட்டமின் சி 80 மில்லிகிராம் என்கிறது நம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். நடுத்தர நெல்லிக்காய் ஒன்றே கிட்டத்தட்ட அதைத் தந்துவிடும். பாகில் ஊறிய நெல்லி என்றால் சர்க்கரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாட்டில் வாங்கினால் 100 மில்லியில் எத்தனை கிராம் சர்க்கரை என்று முதலில் பாருங்கள். ‘ஹெல்த் டிரிங்க்’ என்றொரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. 2024 ஏப்ரலில் இணைய வணிக நிறுவனங்களிடம் அந்தத் தலைப்பின் கீழிருந்து போர்ன்விட்டா போன்ற பானங்களை நீக்கும்படி மத்திய அரசு சொன்னது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதிக அளவு வைட்டமின் ஈ எடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்துச் சீட்டோடு வைட்டமின் டப்பாவையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.