தண்ணீர் மீட்டரைப் பாருங்கள்

கறிக்கோழி வளர்ப்போர் கவனத்துக்கு! கோழி தின்கிற தீவனத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். நோய் தொற்றினால், சாவு விழுவதற்கு முன்பே பெரும்பாலும் இந்தக் கணக்கு மாறிவிடும். கொட்டகைக் குழாயில் பொருத்திய டிஜிட்டல் மீட்டர், மணிக்கு மணி தண்ணீர் அளவைச் செல்போனுக்கு அனுப்பும். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரை அழைத்துவிடலாம்.

அமோனியாவையும் சும்மா விடக்கூடாது. குளிர் ராத்திரியில் படுதாவை முழுக்க இறக்கிவிட்டால் ஈரக் கூளத்திலிருந்து கிளம்பும் வாயு உள்ளேயே தங்கும். அளவு கூடினால் மூச்சுக்குழாயின் நுண்ணிய இழைகள் பழுதாகி, ஈ.கோலை கிருமி எளிதாக நுழையும். அப்புறம்தான் ஆன்டிபயாடிக் பாட்டிலைத் தேடுகிறோம்! சென்சார் இருந்தால் நடுராத்திரியிலும் எச்சரிக்கும். எழுந்துபோய்ப் படுதாவைக் கொஞ்சம் ஏற்றினால் போதும்.

நெதர்லாந்தில் ஒவ்வொரு பண்ணையின் ஆன்டிபயாடிக் கணக்கும் கணினியில் பதிவாகிறது. மற்ற பண்ணைகளோடு ஒப்பிட்டும் பார்க்கிறார்கள். 2009க்குப் பிறகு அங்கே கால்நடைகளுக்கான ஆன்டிபயாடிக் விற்பனை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

இன்னொன்று: மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்குக் கொடுக்க 2019 முதல் இந்தியாவில் தடை இருக்கிறது. தீவன மூட்டையிலும் மருந்துப் பாட்டிலிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.