கல் கரைந்ததா, தானாகவே வெளியேறியதா?

சிறுநீரகத்தில் கல் என்று வீட்டில் யாராவது சொன்னால் போதும், பொழுது சாய்வதற்குள் நான்கு வைத்தியங்கள் வந்து சேர்ந்துவிடும். வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்வார் பக்கத்து வீட்டு அக்கா. பார்லி தண்ணீர் என்பார் பாட்டி. லேசரில் உடைத்துவிடலாம் என்பார் மருத்துவமனையில் வேலை செய்யும் உறவினர். "ஹோமியோபதி மாத்திரை சாப்பிட்டேன், ஒரே மாதத்தில் கல் கரைந்து போய்விட்டது" என்று சொல்லவும் ஒருவர் இருப்பார்.

இவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. தங்களுக்கு நடந்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மருந்து சாப்பிட்ட பிறகு கல் போனது என்பதும் மருந்தால் கல் போனது என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் காத்திருந்தால், சில வேளைகளில் ஒரு சிறுநீரகமே கெட்டுப்போகலாம்.

சென்ற ஆண்டு என் அப்பாவுக்குக் கல் இருப்பது தெரிந்தது. வீட்டில் அறிவியல் படிப்பவள் நான் ஒருத்திதான் என்பதால், மருத்துவமனை அறிக்கையைப் படித்து விளக்கும் வேலை என்னிடம் வந்தது. அப்போது தேடிப் படித்தவற்றையும் மருத்துவர்களிடம் கேட்டு அறிந்தவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

அளவும் இடமும்

சிறுநீரில் கரைந்திருக்கும் உப்புகள் அளவுக்கு மீறிச் செறிவடையும்போது படிகங்களாகின்றன. அவை ஒன்றோடொன்று சேர்ந்து கல்லாகின்றன. பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள். யூரிக் அமிலக் கற்களும், கிருமித்தொற்றால் உண்டாகும் கற்களும் உண்டு.

கல் சிறுநீரகத்திலேயே இருக்கும்வரை பலருக்கு வலி தெரிவதில்லை. சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் குழாயில் அது இறங்கும்போதுதான் வேதனை தொடங்குகிறது. அந்தக் குழாயின் உட்புறம் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் வலி அலை அலையாக வரும். சிறுநீரில் இரத்தமும் கலந்து வரலாம்.

இங்கே இரண்டு விவரங்கள் முக்கியம்: கல்லின் அளவு, அது இருக்கும் இடம். குழாயில் உள்ள 5 மில்லிமீட்டர் வரையிலான கற்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு தானாகவே வெளியேறிவிடும். 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை என்றால் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. சிறுநீர்ப்பைக்கு அருகே வந்துவிட்ட கல் எளிதில் வெளியேறும். மேலே சிறுநீரகத்தின் வாயருகே நிற்கும் கல்லுக்கு அந்த வாய்ப்பு குறைவு. வெளியேறச் சில நாள்களும் ஆகலாம், ஐந்தாறு வாரங்களும் ஆகலாம்.

பெரியப்பாவின் 4 மில்லிமீட்டர்

அப்பா லோரி ஓட்டுநர். வழியில் அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்கும் என்று பகலில் தண்ணீரே குடிக்காதவர். ஸ்கேனில் அவருக்குத் தெரிந்தது 7 மில்லிமீட்டர் கல், இடப்பக்கக் குழாயின் மேற்பகுதியில். சிறுநீரகத்தில் இலேசான வீக்கமும் இருந்தது. வலி மாத்திரை கொடுத்து, நான்கு வாரத்தில் மீண்டும் ஸ்கேன் எடுக்க வரும்படி சொன்னார் மருத்துவர்.

அன்று மாலையே பெரியப்பா வந்தார். "எதுக்குடா ஆப்பரேஷன் அது இதுன்னு பயப்படுற? எனக்கு ஹோமியோபதியிலதான் போச்சு. ஒரு மாசம், இனிப்பு மாத்திரை. அவ்வளவுதான்" என்றார்.

"பெரியப்பா, உங்க பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்டேன்.

"அலமாரியிலதான் இருக்கும். நாளைக்கு வந்து பாரும்மா" என்றார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். அவருடைய கல் 4 மில்லிமீட்டர். அது இருந்த இடம் சிறுநீர்ப்பைக்குச் சற்று மேலே. எந்த மருந்தும் இல்லாமலே வெளியேறக்கூடிய வகை. பெரியப்பாவின் அனுபவம் உண்மை. ஆனால் அது அப்பாவின் கல்லுக்குப் பொருந்தும் என்று சொல்ல அந்த அறிக்கையில் எதுவுமில்லை.

மாத்திரையில் என்ன இருக்கிறது?

ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1796இல் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்தது ஹோமியோபதி. நலமானவருக்கு ஒரு நோயின் அறிகுறிகளை உண்டாக்கும் பொருள், மிகக் குறைந்த அளவில் அதே அறிகுறிகளைக் குணமாக்கும் என்பது அதன் அடிப்படை. சிறுநீரகக் கல்லுக்கு பெர்பெரிஸ் வல்காரிஸ், லைக்கோபோடியம், சர்சாபரில்லா போன்ற மருந்துகளைத் தருகிறார்கள்.

மருந்துப் புட்டியில் '30சி' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பங்கு மருந்தை 99 பங்கு நீரிலோ ஆல்கஹாலிலோ கலந்து குலுக்குவது '1சி'. அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடியும் அப்படியே கலப்பது '2சி'. இப்படி முப்பது முறை செய்தால் '30சி'. படிவம் நான்கு வேதியியலில் அவோகாட்ரோ எண்ணைப் படித்தவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மோல் பொருளில் இருக்கும் துகள்கள் சுமார் 6.02 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு. '12சி'யிலேயே மருந்து 10இன் 24ஆம் அடுக்கு மடங்கு நீர்த்துப்போகிறது. '30சி'யில் அது 60ஆம் அடுக்கு. மூலப் பொருளின் ஒரு மூலக்கூறுகூட மாத்திரையில் இருக்க வாய்ப்பில்லை என்பது இதன் பொருள். மூலக்கூறு இல்லாவிட்டாலும் மருந்தின் ஆற்றல் நீரில் பதிந்திருக்கும் என்கிறார்கள் ஹோமியோபதியர்கள். வேதியியலிலோ இயற்பியலிலோ அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'மதர் டிங்சர்' எனப்படும் தாய்த்திரவம் இப்படி நீர்க்கப்பட்டதல்ல. அதில் மூலிகைச் சாறு இருக்கிறது. ஆகவே வேறு மருந்து சாப்பிடுபவர்கள் அதைத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் ஹோமியோபதி பற்றிய ஆய்வுகளை ஒட்டுமொத்தமாகப் பரிசீலித்து 2015இல் அறிக்கை வெளியிட்டது. ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரமுள்ள நோய் எதுவுமில்லை என்பது அதன் முடிவு.

'அரசாங்கமே அங்கீகரித்திருக்கிறதே' என்று கேட்கலாம். உண்மைதான். மலேசியாவின் 2016ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் ஹோமியோபதி அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் ஒன்று. நம் நாட்டில் பட்டப்படிப்பாகவும் அது கற்பிக்கப்படுகிறது. மருத்துவம் பார்ப்பவர் யார், என்ன பயிற்சி பெற்றவர், தவறு செய்தால் யாரிடம் புகார் செய்வது என்பதையெல்லாம் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. ஒவ்வொரு மருந்தும் கல்லைக் கரைக்கும் என்று அது சான்று கொடுக்கவில்லை.

அப்பாவுடன் ஹோமியோபதி மருத்துவரிடமும் போனேன். முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பேசினார். தூக்கம், சாப்பாடு, தாகம், வேலை நேரம் எல்லாவற்றையும் கேட்டார். அரசு மருத்துவமனையில் நீண்ட நேரம் காத்திருந்து சில நிமிடங்களே மருத்துவரைப் பார்த்த அப்பாவுக்கு அது பெரிய ஆறுதல். மக்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்று எனக்கும் புரிந்தது. "மருத்துவமனை சொன்ன தேதியில் ஸ்கேன் எடுக்கத் தவறாதீர்கள்" என்று அவரும் சொல்லித்தான் அனுப்பினார்.

சர்க்கரை மாத்திரைக்கும் 80 விழுக்காடு

ஆங்கில மருத்துவமும் இதே சோதனைக்கு உட்பட வேண்டியதுதான். கல் விரைவாக இறங்க டாம்சுலோசின் என்ற மருந்தை மருத்துவர்கள் பல்லாண்டுகளாகத் தந்து வந்தார்கள். பிரிட்டனில் 1,100க்கும் அதிகமான நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். குழாயில் 10 மில்லிமீட்டர் வரை கல் உள்ளவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு டாம்சுலோசின், இன்னொன்றுக்கு நிஃபெடிபின், மூன்றாவதற்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிகளுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது.

நான்கு வாரங்களில் மேல்சிகிச்சை தேவைப்படாதவர்கள், போலி மாத்திரை சாப்பிட்ட குழுவில் 80 விழுக்காடு. மற்ற இரண்டு குழுக்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர், 'இந்த மாத்திரைதான் என்னைக் குணப்படுத்தியது' என்று மனதார நம்பியிருக்க முடியும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருந்ததால்தான் உண்மை தெரிந்தது. குழாயின் கீழ்ப்பகுதியில் 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல் உள்ளவர்களுக்கு டாம்சுலோசின் ஓரளவு உதவலாம் என்று வேறு ஆய்வுகள் காட்டுவதால், இன்றும் சிலருக்கு அது தரப்படுகிறது.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

முதலில் வலியைக் குறைப்பார்கள். சிறிய கல் என்றால் காத்திருக்கச் சொல்வார்கள். யூரிக் அமிலக் கல்லாக இருந்தால், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தால் அதை உண்மையிலேயே கரைக்க முடியும். கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் மாத்திரை எந்த மருத்துவ முறையிலும் நிரூபிக்கப்படவில்லை.

தானாக வெளியேறாத கல்லுக்கு மூன்று வழிகள் உண்டு. உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி உடைப்பது ஒன்று. 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இது செய்யப்பட்டது. இரண்டாவது, சிறுநீர்ப் பாதை வழியே மெல்லிய கருவியைச் செலுத்தி லேசரால் உடைப்பது. மூன்றாவது, பெரிய கற்களுக்கு முதுகில் சிறு துளையிட்டு எடுப்பது.

இவற்றிலும் சங்கடங்கள் உண்டு. அதிர்வலைச் சிகிச்சை ஒரே முறையில் முடியாமல் போகலாம். உடைந்த துண்டு குழாயில் சிக்கலாம். லேசருக்குப் பிறகு குழாயில் வைக்கப்படும் 'ஸ்டென்ட்' அகற்றப்படும் வரை எரிச்சல் தரும். இரத்தக் கசிவும் கிருமித்தொற்றும் ஏற்படலாம். தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவாகும். அரசு மருத்துவமனையில் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் காத்திருக்க வேண்டும்.

வலி நின்ற பிறகும் ஆபத்து

அப்பாவுக்குப் பத்தே நாளில் வலி நின்றுவிட்டது. மாத்திரை வேலை செய்துவிட்டது என்றார். ஸ்கேன் நாளன்று அலோர் ஸ்டாருக்குச் சரக்கு ஏற்றும் வேலை இருந்ததால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். வலி போனால் கல் போனதாக ஆகாது; அசையாமல் அடைத்துக்கொண்டு நின்றாலும் வலி அடங்கலாம். முழு அடைப்பு சில வாரங்கள் நீடித்தால் சிறுநீரகத்துக்கு நிரந்தரப் பாதிப்பு ஏற்படும். இதை அப்பாவிடம் வரைபடம் போட்டு விளக்கினேன். அம்மா முதலாளியிடமே பேசி விடுப்பு வாங்கிவிட்டார்.

ஸ்கேனில் கல் இருந்த இடத்திலேயே இருந்தது. வீக்கம்தான் கூடியிருந்தது. லேசர் சிகிச்சை செய்து கல்லை எடுத்தார்கள். பரிசோதனையில் அது கால்சியம் ஆக்சலேட் என்று தெரிந்தது.

ஸ்கேன் தேதிவரைகூடக் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. வலியோடு காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால், சிறுநீர் வருவது நின்றால், ஓயாமல் வாந்தி எடுத்தால், கர்ப்பிணிக்கோ ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கோ இந்த வலி வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அடைப்போடு கிருமித்தொற்றும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்நேரத்தில் எந்த மாத்திரையையும் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

வீட்டில் உங்கள் பங்கு

நம் வீடுகளில் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும் மருத்துவ அறிக்கையைப் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்வது பெரும்பாலும் மாணவர்களாகிய நாம்தான். அப்போது நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். கல் எத்தனை மில்லிமீட்டர்? எந்த இடத்தில் இருக்கிறது? சிறுநீரகத்தில் வீக்கமோ தொற்றோ உண்டா? அடுத்த ஸ்கேன் எந்தத் தேதியில்?

இந்த நான்கும் தெரிந்தால் பெரியவர்களோடு சண்டை போட வேண்டியதில்லை. சிறிய கல், தொற்று இல்லை, தேதி குறித்தாயிற்று என்றால், அதற்கிடையில் பெரியப்பா சொன்ன இனிப்பு மாத்திரையை அப்பா சாப்பிடுவதால் பெரிய கெடுதல் இல்லை. மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால் போதும். தேதியைத் தள்ளிப்போட அந்த மாத்திரை காரணமாகும்போதுதான் நாம் குறுக்கே நிற்க வேண்டும்.

கல் ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். அதைத் தடுப்பதில் நன்கு சோதிக்கப்பட்ட வழி தண்ணீர். இத்தாலியில் முதன்முறை கல் வந்த 199 பேரை ஐந்தாண்டுகள் கவனித்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள். அதிகம் தண்ணீர் குடித்த 99 பேரில் 12 பேருக்குத்தான் மீண்டும் கல் வந்தது. வழக்கம்போல் இருந்த 100 பேரில் 27 பேருக்கு வந்தது. நாளுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்குக் குடிக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். கால்சியம் கல் என்பதற்காகப் பாலை அறவே நிறுத்த வேண்டியதில்லை.

பள்ளிக் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாணவர்கள் நம்மில் ஏராளம். இந்த வெயில் நாட்டில் அது நல்ல பழக்கமல்ல. சிறுநீரின் நிறம் அடர் மஞ்சளாக இருந்தால், இன்று குடித்த தண்ணீர் போதவில்லை என்று பொருள். புட்டியை நிரப்பிக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். கழிவறை சுத்தமாக இல்லையென்றால் ஆசிரியரிடம் அதையும் எடுத்துச் சொல்லுங்கள்.