குட்டை நெல்லும் அதனுள் அடங்கிய விதியும்

நெற்பயிருக்குத் தழைச்சத்தை மிகுதியாக இட்டால் விளைவு பெருகும் என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். ஆயினும் பழைய நெட்டை ரகங்களில் அச்சத்து தாளையே பெரிதும் நீட்டிவிடும். கதிர் முற்றும் தறுவாயில் ஒரு காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் பயிர் சாய்ந்து, மணி சேற்றில் முளைத்து, வைக்கோலும் கெட்டு, மிராசுதாரருக்கு உரச் செலவுகூட மிஞ்சுவதில்லை. தாய்வான் தேசத்துக் குட்டை நெல்லாகிய டீ-ஜியோ-ஊ-ஜென் என்பதைக் கொண்டு இக்குறை பெரிதும் நீக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் தீவுகளிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1962-இல் அதனைப் பீட்டா என்னும் நெட்டை ரகத்தோடு இனக்கலப்புச் செய்து, 1966-இல் ஐ.ஆர்.8 என்ற ரகத்தை வெளியிட்டனர். அதன் சோறு ஆறினால் விறைத்துப்போகும் என்பது வேறு விஷயம். அதன் தாள் குட்டையானது ஏன் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

செடியின் உடல் முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. அதில் நான்கே வகை ரசாயன எழுத்துக்கள் மாறி மாறி, நெல்லில் சுமார் 39 கோடி அளவில், கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு புரோட்டீனைச் செய்யும் விதியைக் கொண்ட பகுதிக்கு ஜீன் என்று பெயர். புரோட்டீன் என்றதும் பருப்பிலும் முட்டையிலும் உள்ள சத்தே பலர் நினைவுக்கு வரும். ஆனால் உயிரணுவின் வேலையாட்களும் பெரும்பாலும் புரோட்டீன்களே.

தாலூகா கச்சேரியின் மூலப் பதிவேடு ரிக்கார்டு அறையை விட்டு வெளியே போவதில்லை. வேண்டிய பக்கத்தின் நகலே கொடுக்கப்படும். உயிரணுவிலும் முறை அதுவே. டி.என்.ஏ. உட்கருவிலேயே இருக்க, வேண்டிய ஜீனுக்கு மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் நகல் எடுக்கப்படுகிறது. அதிலுள்ள வேண்டாத இடைப்பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டபின் நகல் வெளியே வந்து, ரைபோசோம் என்னும் நுண்ணிய பட்டறையை அடைகிறது. ரைபோசோம் அந்நகலை மும்மூன்று எழுத்துக்களாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்துச் சொல்லுக்கும் உரிய அமினோ அமிலத்தை வேறு சிறிய ஆர்.என்.ஏ.க்கள் சுமந்து வந்து சேர்க்க, அவை சரமாகக் கோக்கப்படுகின்றன. சரம் முடிந்ததும் மடிந்து உருப்பெற்றுப் புரோட்டீன் ஆகும். மொத்தச் சொற்கள் 64. அவற்றில் 61 சொற்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிப்பன. எஞ்சிய மூன்றும் "இத்துடன் நிறுத்து" என்னும் ஆணைகள்.

இச்சொற்களின் பொருளை விளக்கியதற்காக 1968-இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் ஹர் கோவிந்த கொரானா. பஞ்சாபில் ஒரு கிராமக் கணக்கரின் புதல்வர். ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து 2009-இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர்.

இனி நெல்லுக்கு வருவோம். தாளை நீளச் செய்வது ஜிபரெல்லின் என்னும் வளர்ச்சிப் பொருள். ஒருவகைப் பூசணம் பற்றிய நாற்றுகள் அளவுமீறி நெடுத்து வெளிறிப்போவது இதனாலேயே என்பதற்கு 1926-இல் குரோஸாவா என்ற ஜப்பானியர் வழிகாட்டினார். பயிர் தானே இப்பொருளை உண்டாக்குவதற்கு ஒரு குறிப்பிட்ட புரோட்டீன் வேண்டும். டீ-ஜியோ-ஊ-ஜென் நெல்லில் அதற்குரிய ஜீனில் 383 எழுத்துக்கள் காணாமற் போயிருக்கின்றன என்று 2002-இல் தெரியவந்தது. இடையில் எழுத்துக்கள் மறைந்தமையால், அதற்கப்பால் உள்ளவை மும்மூன்றாகப் பிரியும் முறையே மாறி, நிறுத்தற்சொல் ஒன்று அகாலத்தில் தோன்றுகிறது. ரைபோசோம் அவ்விடத்திலேயே சரத்தை அறுத்துவிடுகிறது. அரைகுறையான அப்புரோட்டீன் வேலை செய்யாது, தாளும் நீளாது. அப்படியானால் பூவும் மணியும் கெடாவோ எனில், கெடுவதில்லை. ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் மற்றொரு ஜீன் பூவில் நன்கு இயங்கிவருகிறது.

செடிக்கு ஒவ்வொரு ஜீனும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு உண்டு. இரண்டும் பழுதுபட்டால்தான் பயிர் குட்டையாகும். ஒன்று செவ்வையாயிருப்பினும் தாள் நீண்டுவிடும். ஆதலால் குட்டை ரகத்தின் விதையைக் குடியானவர் தாமே சேமித்து மறுபோகம் விதைத்தாலும் குட்டைத்தன்மை மாறாது. நெட்டை நெல்லின் மகரந்தம் சேர்ந்து விளைந்த விதையோ மறுபோகத்தில் தலைநிமிர்ந்து நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். விதைக்கென விட்ட வயலில் அத்தகைய கலவன்களைப் பூக்குமுன்பே வேரோடு பிடுங்கிவிட வேண்டும்; பூத்தபின் பிடுங்கினால், அவற்றின் மகரந்தம் அண்டைக் கதிர்களிற் சேர்ந்துவிட்டிருக்கக்கூடும்.