கண்ணயரப் பயப்படுகிறவர்களுக்கு

எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டுமே ஆய்விதழ்கள் குறிப்பிடும் அமெரிக்கப் பெண் அவர். மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி, அபூர்வமான ஒரு மரபணு நோயால் அவருக்கு இருபுறமும் சிதைந்துவிட்டது. பாம்பைக் கையில் கொடுத்தால் ஆர்வமாகத் தடவிப் பார்ப்பார். பேய்ப்படம் போட்டாலும் அசையமாட்டார். அப்படிப்பட்டவரை அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்கச் சொன்னார்கள். மூச்சுமுட்டிப் பதறி, உதவி கேட்டுத் தவித்துவிட்டார். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், அமிக்டலா சிதைந்த இரட்டைச் சகோதரிகள் இருவருக்கும் இதேதான் நடந்தது.

ஆக, மூச்சுத் திணறலுக்கான எச்சரிக்கை மணி நம் எண்ணங்களுக்கும் அச்சங்களுக்கும் அடியில், தனியாக இயங்குகிறது. சிலருக்கு இந்த மணி காரணமில்லாமலே அடித்துவிடுகிறது என்று 1993-இல் மனநல மருத்துவர் டொனால்ட் கிளைன் ஒரு கருதுகோளை முன்வைத்தார். உறங்கிக்கொண்டிருப்பவரைத் திடீரெனப் பதறி எழச் செய்யும் இரவுப் பீதி எல்லாவற்றையும் அது விளக்கிவிடாது. ஆனாலும் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறவர் கோழையும் அல்ல, நடிப்பவரும் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இரவுப் பீதி பெரும்பாலும் தூங்கி ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள், இலேசான உறக்கம் ஆழ்ந்த உறக்கமாக மாறும் கட்டத்தில் வருகிறது. கனவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘அமுக்குவான் பிசாசு’ என்று நம் வீடுகளில் சொல்வது வேறு. அதில் விழிப்பு வந்தும் கைகால் அசையாது. பீதியிலோ துள்ளி எழுந்துவிடுவோம். படபடப்பு, வியர்வை, உயிர் போய்விடும் என்ற நிச்சயம். ஆட்டோ பிடித்து ஓடி, இ.சி.ஜி. எடுத்தால், “ஒண்ணுமில்ல, கேஸ்தான்” என்று அனுப்பிவிடுவார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்பது சரிதான். ஆனால் அடுத்த இரவை எப்படிக் கடப்பது?

துன்பம் அங்கேதான் வளர்கிறது. உறக்கம் வரும்போது இதயத்துடிப்பு குறையும், மூச்சு மெதுவாகும், தசைகள் தளரும், இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சற்றே கூடும். எல்லோருக்கும் இயல்பாக நடப்பவை இவை. ஓரிரு முறை அடிபட்டவருக்கோ இந்தத் தளர்ச்சியே ஆபத்தின் அறிகுறியாகப் பதிந்துவிடுகிறது. கண் சொருகும்போதே திடுக்கிட்டு விழிக்கிறார். விளக்கை எரியவிடுகிறார், நாடியைத் தொட்டுப் பார்க்கிறார், விடிய விடியக் கைபேசியைப் பார்க்கிறார். காவல் இருந்ததால்தான் பிழைத்தோம் என்று மூளையும் நம்பிவிடுகிறது. தூக்கம் கெடக் கெடப் பதற்றம் இன்னும் ஏறும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக உளவியலாளர் மிஷெல் கிராஸ்க் போன்றோர் வளர்த்தெடுத்த சிகிச்சை இதற்கு நேரெதிர்த் திசையில் போகிறது. பயமுறுத்தும் உடல் உணர்வுகளைப் பகலிலேயே வேண்டுமென்றே வரவழைப்பார்கள். நின்ற இடத்தில் ஓடுவது, மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது, நாற்காலியில் சுழல்வது. படபடப்பு ஏறும், உச்சிக்குப் போகும், ஒன்றும் ஆகாமல் தணியும். திரும்பத் திரும்ப இதை அனுபவிக்கும் உடல், படபடப்பை ஆபத்தாகக் கருதுவதை மெல்ல விடுகிறது. ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் முயலக் கூடாது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு.

இரவில் பீதி வந்தால் வேகவேகமாக மூச்சை இழுக்காதீர்கள். விரல் மரத்துத் தலைசுற்றுவது அதனால்தான். எழுந்து உட்கார்ந்து, வந்ததை எதிர்த்துப் போராடாமல் இருங்கள். வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சம் கடந்துவிடும். தூக்கம் வந்த பிறகே மறுபடி படுங்கள். காலையில் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். மாலை ஆறு மணிக் காப்பியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி, பதினொரு மணிக்கும் உடலில் இருக்கும்.

முதல்முறை நெஞ்சுவலி என்றால் தயங்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, தைராய்டு, நெஞ்செரிச்சல் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். அதன்பின் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ செல்லலாம். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.