சிறுநீரக நோயில் அழற்சியைத் தூண்டும் மூலக்கூறுகளும் மஞ்சளின் குர்குமினும்

திறவுச்சொற்கள்: சிறுநீரகம், அழற்சி, சைட்டோகைன், நார்த்திசுப் பெருக்கம், குர்குமின், பெருந்துறை

முன்னுரை

ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறை, மஞ்சள் வணிகத்தோடு நெருங்கிய தொடர்புடைய ஊராகும். அதன் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மஞ்சள் ஏலம் நடைபெறுகிறது. ஈரோடு மஞ்சள் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. மஞ்சளிலுள்ள குர்குமின் அழற்சியைத் தணித்துச் சிறுநீரகத்தைக் காக்கும் என்னும் கருத்தும் வழங்கி வருகிறது. இக்கருத்தை மதிப்பிட, சிறுநீரகத்தில் அழற்சியை இயக்கும் மூலக்கூறுகளை முதலில் அறிதல் வேண்டும்.

அழற்சியின் தொடக்கம்

அழற்சி என்பது காயத்தை ஆற்ற உடல் மேற்கொள்ளும் பாதுகாப்பு வினையாகும். தூண்டுதல் நீங்காதபோது அதுவே கேடாகிறது. மிகை குளுக்கோஸ், ஆஞ்சியோடென்சின் 2, சிறுநீரில் கசியும் புரதம் ஆகியன நுண்குழாய்ச் செல்களைத் தூண்டுகின்றன. இயல்பு நிலையில் ‘என்.எஃப். கப்பா பி’ என்னும் புரதம், தன்னைத் தடுக்கும் மற்றொரு புரதத்தால் செல்லின் சைட்டோபிளாசத்தில் கட்டுண்டு கிடக்கும். தூண்டப்பட்டதும் அத்தடைப்புரதம் சிதைகிறது, விடுபட்ட ‘என்.எஃப். கப்பா பி’ உட்கருவினுள் நுழைந்து அழற்சிக்குரிய மரபணுக்களை இயக்குகிறது. 1986ஆம் ஆண்டு ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகியோர் இப்புரதத்தை அறிவித்தனர்.

பெருக்கமும் வடுவும்

இம்மரபணுக்கள் வழி உருவாகும் எம்.சி.பி. 1 என்னும் மூலக்கூறு, இரத்தத்திலுள்ள மோனோசைட்டுகளைத் திசுவுக்குள் ஈர்க்கிறது. இறந்த செல்களிலிருந்து வெளிப்படும் ஏ.டி.பி.யும் யூரிக் அமிலப் படிகங்களும் ‘என்.எல்.ஆர்.பி. 3’ இன்ஃபிளமசோமைத் தூண்டுகின்றன. அது காஸ்பேஸ் 1 நொதியின் வாயிலாக இன்டர்லூக்கின் 1 பீட்டா, இன்டர்லூக்கின் 18 ஆகியவற்றைச் செயல்வடிவம் பெறச் செய்கிறது. தொடரும் அழற்சியில் டி.ஜி.எஃப். பீட்டா மிகுந்து கொலாஜன் படிகிறது. இவ்வடுவே வடிதிறன் நிலையாகக் குறைவதற்குக் காரணமாகும்.

குர்குமினின் நிலை

ஆய்வகச் செல்களில் குர்குமின் ‘என்.எஃப். கப்பா பி’யின் இயக்கத்தைத் தடுக்கிறது. எனினும் உண்ணும் குர்குமினில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தை அடைகிறது. மிளகின் பைப்பரின் அதன் உறிஞ்சலைப் பன்மடங்கு உயர்த்துவதாகப் பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல் காட்டினர். உறிஞ்சல் உயர்வது வேறு. நோய் தணிவது வேறு. நாட்பட்ட சிறுநீரக நோயாளர்களிடம் கனடாவில் ஆறு மாதம் நிகழ்த்தப்பட்ட மருத்துவ ஆய்வில், நுண்துகள் குர்குமின் அல்புமின் கசிவையோ வடிதிறன் குறைவையோ தடுக்கவில்லை. மேலும், மஞ்சளில் ஆக்சலேட் உள்ளது. மஞ்சள் மாத்திரைகளை நீண்டகாலம் மிகுதியாக உட்கொண்டோரிடம் ஆக்சலேட் படிவால் சிறுநீரகம் பழுதுற்ற நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

முடிவுரை

ஆய்வகத்தில் ஒரு மூலக்கூறைத் தடுப்பதும் நோயாளரின் சிறுநீரகத்தைக் காப்பதும் ஒன்றல்ல. மினரலோகார்டிகாய்டு ஏற்பியைத் தடுத்து அழற்சியையும் வடுவையும் குறைக்கும் ஃபினரினோன், நீரிழிவுசார் சிறுநீரக நோயில் பெரிய அளவிலான மருத்துவ ஆய்வுகளில் பயன் தந்த பின்னரே 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குர்குமினுக்கும் அதே அளவுகோலே பொருந்தும். உணவில் சேரும் மஞ்சள் வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு என்னும் வேறுபாட்டை நோயாளர்க்கு உணர்த்துவது, மஞ்சள் விளையும் இம்மண்ணின் ஆய்வாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமையாகும்.