விருந்தினர் குரற்பெட்டி



தூதுக்கெனத் தனியே ஓர் இலக்கிய வகையை வகுத்துக்கொண்ட மொழி தமிழ். அன்னத்தையும் கிளியையும் முகிலையும் தூதாக அனுப்பினர் நம் புலவர். அலுவலகங்களில் அத்தொழிலைத் தொலைபேசி செய்கின்றது. ஆயினும், செய்திக்கு உரியவர் தமக்கென மேசையும் தொலைபேசியும் இல்லாதவராயின், அச்செய்தி எங்கே சென்று தங்கும்?

கைத்தொலைபேசி பரவாத காலத்தில், நான் இளம் ஆசிரியனாக இருந்த பாடசாலையில் ஒருநாள் அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. எழுதுவினைஞர் இல்லாமையால் நானே எடுத்தேன். பயிற்சிக்காக வந்திருந்த ஓர் ஆசிரியையின் தந்தையார் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தார். செய்தியைத் துண்டுக் கடதாசியிற் குறித்து, வரவுப் பதிவேட்டினுள் வைத்துவிட்டு வகுப்புக்கு விரைந்தேன். மறுநாட் காலையில் கையொப்பமிட வந்தபொழுதே அவர் அதனைக் கண்டார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

செய்தியைப் பேசியவர் குரலிலேயே காத்துவைக்கும் முயற்சி பழையது. 1898ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டவரான வால்டெமார் பௌல்சன், எஃகுக் கம்பியிற் காந்தத்தின் துணையால் ஒலியைப் பதியும் கருவியை ஆக்கினார். தொலைபேசிச் செய்தியைப் பதிவதும் அவர் நோக்கங்களுள் ஒன்று. பின்னர் குரலை எண்களாக மாற்றிக் கணினியிற் சேமிக்கும் முறைக்கு, அமெரிக்கரான கோர்டன் மத்தியூஸ் 1979இல் விண்ணப்பித்து 1983இல் புத்தாக்க உரிமை பெற்றார். இதனையே குரலஞ்சல் என்கின்றோம்.

குரலஞ்சற் பெட்டி தொலைபேசிக் கருவியினுள் இருப்பதன்று. அலுவலகத் தொலைபேசி முறைமையின் நினைவகத்தில் இருப்பது. ஆகவே, கருவி இல்லாதவர்க்கும் பெட்டி வழங்கலாம். அதுவே விருந்தினர் பெட்டி. பயிலுநர், கணக்காய்வுக்கு வருவோர், வெளிக்களத்திற் பணிபுரிவோர் ஆகியோர்க்கு இது பொருந்தும். இன்று கைத்தொலைபேசி எங்கும் உண்டே எனலாம். தம் சொந்த எண்ணை எல்லோர்க்கும் கொடுக்க விரும்பாத ஆசிரியையை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் இது காப்பாகும்.

அமைக்கும் முறை எளிது. முறைமையைப் பராமரிப்பவர், எந்தக் கருவிக்கும் வழங்கப்படாத உள்ளிணைப்பு எண்ணொன்றைத் தெரிந்து, அதனைப் பெட்டியின் எண்ணாக்குவார். உரியவரின் பெயரையும் தொடக்க இரகசிய எண்ணையும் பதிவார். உரியவர் அலுவலகத்தின் ஏதேனுமொரு தொலைபேசியிலிருந்து குரலஞ்சலை அழைத்து, பெட்டி எண்ணையும் இரகசிய எண்ணையும் அழுத்தி உட்புகுவார். முதலில் இரகசிய எண்ணை மாற்றுவார்; அடுத்துத் தம் பெயரையும் வரவேற்புரையையும் சொந்தக் குரலிற் பதிவார். அன்றுமுதல் அவரைத் தேடி வரும் அழைப்பை அப்பெட்டிக்கு மாற்றிவிடலாம்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, மேசைத் தொலைபேசியில் புதிய செய்தி வந்தால் விளக்கு மின்னும். விருந்தினர்க்கோ மின்னுவதற்குக் கருவியே இல்லை. ஆதலின், செய்தி வந்ததும் மின்னஞ்சலில் அறிவிக்குமாறு முறைமையை அமைத்தல் வேண்டும். அவ்வசதி இல்லையெனில் நாளுக்கு இருமுறை கேட்கும் வழக்கத்தை உண்டாக்குதல் வேண்டும். கேட்பாரற்ற பெட்டி, என் துண்டுக் கடதாசியினும் சிறந்ததன்று.

இரண்டாவது, பெட்டி எண்ணையே இரகசிய எண்ணாக விட்டுவைத்தல் ஆகாது. பிரித்தானியாவிற் பிறருடைய குரலஞ்சல்களைப் பத்திரிகையாளர் சிலர் களவாகக் கேட்ட விவகாரம் பெருகி, 2011இல் ‘நியூஸ் ஒவ் த வேர்ல்ட்’ என்னும் பத்திரிகையே மூடப்பட்டது. மாற்றப்படாத தொடக்க எண்களே அவர்களுக்கு வழிதிறந்தவற்றுள் ஒன்று.

மூன்றாவது, விருந்தினர் விடைபெறும் நாளில் பெட்டியையும் மூடுதல் வேண்டும். மூடாவிடின், போனவர்க்கு வரும் செய்திகள் ஒருவர் செவியையும் எட்டாது அங்கே குவியும். அழைத்தவரோ தம் செய்தி சேர்ந்ததென நம்பியிருப்பார்.

நேயர்களே, விருந்தோம்பல் என்பது உணவும் இருக்கையும் அளிப்பதோடு முடிவதன்று. நம்மிடம் சில நாளே தங்குபவர்க்கும், அவரைத் தேடி வரும் சொல் தங்குவதற்கு ஓரிடம் அமைத்துக் கொடுப்பதும் அதன்பாற்பட்டதே. அன்று எங்கள் அலுவலகத்தில் அத்தகைய ஓரிடம் இருந்திருப்பின், ஒரு மகள் தன் தந்தையின் படுக்கையருகே ஒருநாள் முன்னதாகச் சென்றிருப்பாள்.